ஊர்வலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது, அக்கா

தலையில் குட்டிக் குட்டியே என்னை ஆளாக்கிய என் ரூத் அக்காவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் புருஷன் ஸ்டீபனுக்குத் தண்டனை. உன் வயிற்றில் கை வைத்த அந்தப் பொம்பளைக்கும் தண்டனை. உன் மாமனார் ஞானமுத்துவை மட்டும் விட்டுவிட்டார்கள். சாட்சி போதவில்லையாம். கோர்ட் வாசலில் அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். கிறிஸ்தவப் பொம்பளை இப்படிச் சாபம் விடலாமா என்று யாரோ கேட்டார்கள். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த ஆள் நகர்ந்து போய்விட்டார்.

நீ போன பிறகு நடந்ததையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். ஏனென்றால் இதை மற்றவர்களும் படிப்பார்கள். நீ யாரென்று அவர்களுக்கும் தெரியட்டும்.

நம் அப்பா பண்ணையில் கூலிக்கு நாற்றுக்கட்டு சுமந்தவர். நீ டீச்சர் ஆனாய். எனக்குப் படிப்பு ஏறவில்லை, நெல் அறுக்கிற மெஷின் ஓட்டப் போனேன். குத்தாலம் பஸ்ஸில் இடித்தவனைச் செருப்பால் அடித்துக் கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, அதே செருப்பை மாட்டிக்கொண்டு வகுப்பெடுக்கப் போனவள் நீ. அப்படிப்பட்டவளை ரைஸ் மில் வீட்டில் கேட்டு வந்தபோது அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞானமுத்து நம் சபைச் செயலாளர். சர்ச்சுக்கு ஓடு மாற்றியவர், பாஸ்டருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர். பையன் கொயரில் பாடுகிறவன். அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடுவதைப் பார்த்துத்தானே நீயும் சரி என்றாய்?

ஷைனி பிறந்தாள். அடுத்து ஜாய். ஜாய் பிறந்தபோது மில் வீட்டிலிருந்து ஒருத்தரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது உண்டாகி ஐந்தாம் மாதம் நடக்கும்போது எனக்குப் போன் போட்டாய்.

"டேய் டேவிட், ஸ்கேன் பண்றவன் ஒருத்தன் வந்தான்டா. கார்லயே மெஷின் வச்சிருக்கான். மில்லு ரூமுல என்னைப் படுக்க வச்சுப் பார்த்துட்டு மாமாகிட்டக் கையை விரிச்சுக் காட்டினான். பொண்ணாம். கலைக்கணும்ங்கிறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னுட்டேன். கர்த்தர் குடுத்த புள்ள. மில்லுக்கு வந்த மூட்டையா இது, ஈரமா இருக்குன்னு திருப்பி அனுப்ப? இப்பவும் உதைக்கிறாடா. இவனுங்களுக்கும் சேர்த்து உதைக்கிறா." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எங்கேயோ இடித்தது. மெஷினை வரப்போரம் நிறுத்திவிட்டு அன்றைக்கே கிளம்பி வந்தேன்.

உன் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. முழங்கைக்கு மேலே பெல்ட் அடித்த தடம், நீலமாகக் கன்றிப்போய். நான் ஸ்டீபனின் சட்டையைப் பிடித்தேன். ஞானமுத்து சத்தமே போடவில்லை. நிதானமாக என் கையை எடுத்துவிட்டு, "குடும்பம்னா ஆயிரம் இருக்கும் தம்பி. உக்காருங்க, டீ குடிங்க" என்றார். நான் உன்னைக் கையோடு கூட்டிப்போகப் பார்த்தேன். நீதான் வர மறுத்தாய்.

"நான் வந்துட்டா ரெண்டு புள்ளைங்களையும் கண்ணுல காட்ட மாட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்டா. வயிறு பெருசாயிட்டா எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்தக் கொஞ்ச நாளை அவர்கள் உனக்குக் கொடுக்கவில்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் சம்பா அறுப்பில் இருந்தேன். இருட்டுகிற நேரத்தில் அம்மாவின் போன். அழுகைக்கு நடுவில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி என்பது மட்டும் புரிந்தது. நான் வந்து சேர்ந்தபோது உன் கட்டிலுக்குக் கீழே தரை சிவப்பாக இருந்தது. ஒரு பெண் துடைத்துக்கொண்டே இருந்தாள், அது நின்றபாடில்லை. கர்ப்பப்பை கிழிந்திருக்கிறது, எதையோ விட்டுக் குத்தியிருக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. அவர்களால் ஆனதெல்லாம் செய்தார்கள் அக்கா, அதைச் சொல்லியாக வேண்டும். உன் இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த தடம் இருந்தது. உதடு கிழிந்து தொங்கியது. முன்பல் ஒன்றைக் காணோம்.

என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அவ்வளவு ரத்தம் போன உடம்பில் அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ.

"நானாப் போகலடா. கட்டிப்போட்டாங்க. கடைசி வரைக்கும் அவ உதைச்சுக்கிட்டேதான் இருந்தா."

அதுதான் நீ கடைசியாகச் சொன்னது.

போலீசில் ஸ்டீபன் சொன்னது வேறு. "மூணாவதும் பொண்ணுன்னு தெரிஞ்சதும் மனசு உடைஞ்சு, எனக்குத் தெரியாம அவளே போய்ப் பண்ணிக்கிட்டா சார்." மணிக்கட்டுத் தடத்துக்கு ஒரு காரணம், உதட்டுக்கு ஒரு காரணம், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார்கள். "தம்பி சொல்றதை மட்டும் வச்சு என்ன பண்ண முடியும்? வேற யாராச்சும் பார்த்தாங்களா?" என்று என்னையே கேட்டார் இன்ஸ்பெக்டர். நம் தெருவிலேயே பேச்சு மாறிவிட்டது. பாவம், பயந்துபோய் அவளே பண்ணிக்கிட்டா. உன்னைக் கொன்றது போதாதென்று, அந்தப் பிள்ளையைக் கொன்றவளும் நீதான் என்று ஆக்கிவிட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் ஜெபம் பண்ணினார். கர்த்தருடைய சித்தம் என்றார். என்னையும் அம்மாவையும் அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, காரணம் அப்போது தெரியாது. ஸ்டீபன் குழிக்குப் பக்கத்தில் நின்று மண் அள்ளிப் போடக் குனிந்தான். நான் பாய்ந்தேன். இரண்டு பேரும் உன் பெட்டி மேலேயே விழுந்தோம் அக்கா. அவன் வாயில் மண்ணைத் திணித்தேன். மூக்கில் குத்தினேன். கழுத்தை நெரித்தபோது அவன் கண் வெளியே வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்கி வெளியே போட்டார்கள்.

மறுநாள் காலையில் அரிவாளைத் துணியில் சுற்றி வண்டியில் வைத்தேன். அம்மா வாசலில் வண்டிக்கு முன்னால் படுத்துவிட்டாள்.

"ஏறிட்டுப் போடா. என் மேல ஏத்திட்டுப் போ."

"எந்திரிம்மா."

"நீ அவனை வெட்டிட்டு உள்ள போயிட்டா அந்த ரெண்டு பொட்டப் புள்ளைங்களையும் எவன்டா கேப்பான்? உங்க அக்கா ஒரு உசுரைக் காப்பாத்தப் போயித்தான் செத்தா. நீ ஒரு உசுரை எடுத்து அவளுக்கு என்னத்தடா செய்யப் போற?"

அன்றைக்கு நான் போகாததற்கு ஜெபமோ விசுவாசமோ காரணமில்லை. புழுதியில் கிடந்த அம்மாவின் நரைத்த தலைதான் காரணம்.

சில வாரம் கழிந்தது. பிறக்காத பிள்ளைகளுக்காக நம் சபையில் வருஷா வருஷம் ஓர் ஊர்வலம் போகுமே, நினைவிருக்கிறதா? சர்ச்சிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை. பாஸ்டர் அன்றைக்குப் பிரசங்கத்தில் கர்ஜிப்பார். வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கு வாயில்லை, நாம்தான் வாயாக இருக்க வேண்டும், கிறிஸ்தவன் சும்மா இருந்தால் அது பாவம் என்பார். நீயும் நானும் பேனர் பிடித்துப் போயிருக்கிறோம். அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை. வயிற்றில் உதைப்பது உயிர்தான். அதற்காகப் பேசத்தான் வேண்டும்.

இந்த வருஷமும் ஊர்வலம் வைத்தார்கள். தொடங்கி வைக்கிறவர் யார் தெரியுமா? உன் மாமனார். வெள்ளை வேட்டி, கையில் கொடி. பக்கத்தில் ஸ்டீபன். ஊர் கண்ணில் மண்ணைத் தூவ இதைவிட நல்ல இடம் அவர்களுக்குக் கிடைக்குமா?

நான் ரோட்டில் நின்றேன். அம்மா உள்ளே. சர்ச் படிக்கட்டில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சவுக்குக் கம்பில் அட்டை ஒட்டிக் கையில் கொடுத்திருந்தார்கள். ஷைனி கையிலும் ஒன்று. 'கருவைக் கலைப்பவள் கொலைகாரி.' எழுதிய இளைஞர்கள் யாரையும் நினைத்து எழுதவில்லை, எந்த அட்டை யார் கைக்குப் போகிறது என்று யாரும் பார்க்கவுமில்லை. ஆனால் உன் மகளுக்குப் படிக்கத் தெரியுமே. நீதானே சொல்லிக் கொடுத்தாய்.

பாஸ்டரம்மா பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தார். ஷைனி அட்டையை அவரிடம் திருப்பிக் காட்டிக் கேட்டாள்: "ஆன்ட்டி, இது எங்க அம்மாவைத்தானே சொல்லுது?"

அந்த மனுஷி சபையில் அதிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கீழே போட்டார். அட்டையைப் பிடுங்கி, முழங்காலில் வைத்துக் கம்பை முறித்தார். படியில் ஏறி நின்றார்.

"ரூத்து தானாப் போகல. அன்னிக்கு மத்தியானம் எங்க வீட்டுக்கு ஓடி வந்தா. காலில செருப்பில்ல, வயக்காட்டுச் சேறு முழங்கால் வரைக்கும். உதட்டுல ரத்தம். என்னையும் புள்ளையையும் காப்பாத்துங்கன்னு எங்க கேட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னா."

"ஐயரே, உங்க சம்சாரத்தை உள்ள கூப்பிடுங்க" என்று பாஸ்டரைப் பார்த்துச் சொன்னார் ஞானமுத்து.

"நான் உள்ள போக மாட்டேன். உள்ள கூட்டிட்டு வந்து படுக்க வச்சேன். இவரு பயந்து போயி உங்களுக்குப் போன் பண்ணினாரு. நீங்க ரெண்டு பேரும் காரோட வந்தீங்க. வெளிய இழுத்துட்டுப் போறப்ப அவ கேட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு விடல. நீங்க ஒவ்வொரு விரலாப் பிரிச்சீங்க. உங்க புள்ள அவ வாயில குத்தினான். நான் குறுக்க விழுந்தேன், இவரு என்னைப் புடிச்சு இழுத்தாரு. குடும்ப விஷயம், சமாதானமாப் பேசிக்குவாங்கன்னாரு. கர்த்தர் பேரால கேக்குறேன், இதைச் சொல்லாம இந்தப் பேனரைத் தூக்கிட்டு எந்தத் தெருவுல போறது?"

எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு வார்த்தை, 'அவளுக்கு உடம்பு சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் அமுங்கியிருக்கும். படியேறித் தன் மனைவி பக்கத்தில் போய் நின்றார்.

"ஆமா" என்றார். "நான்தான் போன் பண்ணேன். நான்தான் கதவைத் திறந்து விட்டேன்."

அதற்குப் பிறகு நடந்தது சர்ச் வாசலில் நடக்கக் கூடியதா? ஞானமுத்து மில்லில் மூட்டை தூக்குகிறவர்களைக் கூட்டி வந்திருந்தார். அந்த ஆட்கள் பிள்ளைகள் கையிலிருந்த அட்டைகளைப் பிடுங்கிக் கம்பை உருவினார்கள். முதல் அடி பாஸ்டரம்மாவின் நெற்றியில் விழுந்தது. அவர் மடிந்து உட்கார்ந்தார். பாஸ்டர் அவர் மேலே விழுந்து மறைத்துக்கொண்டார். அவர் முதுகில் விழுந்த அடிச் சத்தம் ஈர மூட்டையைத் தரையில் போடுகிற மாதிரி இருந்தது. நான் சுவரேறிக் குதித்தேன். ஒருத்தனைத் தள்ளினேன். இன்னொருத்தன் பின்னாலிருந்து அடித்ததில் என் இடது காது கிழிந்து தொங்கியது. பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள். அம்மா சவுக்குக் கம்பு ஒன்றைப் பிடுங்கி ஸ்டீபன் முழங்காலில் போட்டாள். அவன் அலறினான். பிள்ளைகள் சர்ச்சுக்குள் ஓடி பெஞ்சுகளுக்கு அடியில் ஒளிந்தார்கள்.

ஒரு கட்டத்தில் ஊர்க்காரர்கள், வேறு தெருக்காரர்கள், டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் உள்ளே புகுந்து பிரித்துவிட்டார்கள். பாஸ்டர் எழுந்து நின்றார். வெள்ளை அங்கியில் முதுகு முழுக்க ரத்தம் கோடுகோடாக ஊறியிருந்தது. கீழே கிடந்த பேனரை எடுத்தார். ஒரு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"ஊர்வலம் போகும்" என்றார். "ஆனா பஸ் ஸ்டாண்டுக்கு இல்ல. போலீஸ் ஸ்டேஷனுக்கு."

அந்த முனையை வாங்க எனக்கு மனசு வரவில்லை அக்கா. உன்னைப் பிடித்துக் கொடுத்த கை அது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வாங்கினேன். உனக்கு வேறு சாட்சி இல்லை என்பதால் வாங்கினேன்.

பாஸ்டரம்மாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, "முதல்ல சொல்லிட்டு அப்புறம் போறேன்" என்றுவிட்டார். கொயர்ப் பெண்கள் பின்னால் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதிச் சபை. மீதிப் பாதி சர்ச் வாசலிலேயே நின்றுவிட்டது. கடைத்தெருவில் ஆட்கள் வெளியே வந்து என்ன என்று கேட்டார்கள். ஒவ்வொரு கடை வாசலிலும் பாஸ்டர் நின்று அதே வார்த்தையைச் சொன்னார்: "ஒரு தாயையும் புள்ளையையும் கொன்னுட்டாங்க. பிடிச்சுக் குடுத்தவன் நான்." வெயில் தலையைப் பிளந்தது. என் காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ரோட்டில் நான் நடந்ததில்லை.

அன்றைக்குப் பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் கொடுத்த வாக்குமூலத்தில்தான் கேஸ் உயிர் பெற்றது. ஸ்டீபனையும் உன் கருவைக் கலைத்த அந்தப் பொம்பளையையும் பிடித்தார்கள். மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு வீட்டில் அவள் இதையே தொழிலாகச் செய்துவந்திருக்கிறாள். கோர்ட்டில் ஞானமுத்துவின் வக்கீல் பாஸ்டரைக் கிழிகிழி என்று கிழித்தார். உண்மையான ஊழியக்காரன் ஏன் அன்றைக்கே போலீசுக்குப் போகவில்லை என்று கேட்டார். "பயம்" என்றார் பாஸ்டர். வேறு விளக்கம் சொல்லவில்லை. காரில் உன்னை ஏற்றினது வரைக்கும்தான் ஞானமுத்து மேல் நிரூபணமானது; மருமகளை வீட்டுக்குக் கூட்டிப்போனது குற்றமா என்றார் வக்கீல். அந்த வீட்டுக்கு அனுப்பினது அவர் என்பதற்குச் சாட்சி யாருமில்லை. தப்பிவிட்டார்.

இப்போது மில் குடோனில் தனியாக ஒரு ஜெபக்கூட்டம் நடத்துகிறார். போகிறவர்கள் போகிறார்கள். நம் சர்ச்சில் பாதி பெஞ்சு காலி.

ஒன்று சொல்ல வேண்டும். கொயரில் பாடுகிற ஒரு பெண், பேர் வேண்டாம், அம்மாவிடம் வந்து அழுதாள். கல்யாணத்துக்கு முன்னால் தனக்கும் அப்படி ஒன்று ஆனது, யாரும் கட்டிப்போடவில்லை, தானே போனேன், அந்த அட்டையைப் பார்த்த நாளிலிருந்து சர்ச்சுக்குள் கால் வைக்க முடியவில்லை என்றாள். அம்மா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அது தப்பே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவள் மேல் எறியக் கல்லோடு நிற்கவும் என்னால் முடியாது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? தலையில் ஒரு குட்டு வைத்து, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருப்பாயோ? பாஸ்டரம்மா அதைத்தான் செய்தார், குட்டு மட்டும் இல்லாமல். இப்போது அவள் மறுபடி பாட வருகிறாள்.

போன மாசம் கடற்கரையிலிருந்து ஒரு பெண் பாஸ்டர் வீட்டுக்கு வந்தாள். மீன்பிடிக்கிற குடும்பம், நம் மதம்கூட இல்லை. கோர்ட் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். அவளுக்கும் வயிற்றில் பிள்ளை, அவள் முதுகிலும் தடம். பின்னாலேயே புருஷனும் கொழுந்தன்மாரும் இரும்புக் குழாயோடு வந்து இறங்கினார்கள். பாஸ்டர் வாசலில் போய் நின்றார். "உள்ள வரணும்னா என்னைத் தாண்டித்தான் வரணும்" என்றாராம். கையை உடைத்தார்கள். நகரவில்லை. தெரு கூடிவிட்டது, போலீசும் வந்தது. கட்டுப்போட்ட கையோடு இருந்தவரை நான் போய்ப் பார்த்தேன். "ரூத்துக்கு இது ஈடாகாது டேவிட்" என்றார். "ஆகாது" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குத் தோசை பிட்டு வைத்தேன். அவ்வளவுதான் அக்கா இப்போதைக்கு என்னால் முடிந்தது.

ஸ்டீபனை மன்னித்துவிடு என்கிறார்கள். ஜெயிலில் அழுகிறானாம், வேதம் படிக்கிறானாம். படிக்கட்டும். கனவில் இன்னமும் அவன் வாயில் மண்ணைத் திணித்துக்கொண்டுதான் இருக்கிறேன். விழித்தால் கை வலிக்கிறது. மன்னிப்பு வந்தால் உனக்குத்தான் முதலில் சொல்வேன். வராமல் வந்தது போல நடிக்க மாட்டேன்.

ஷைனியும் ஜாயும் கோர்ட் உத்தரவோடு நம் வீட்டில் இருக்கிறார்கள். ஜாய் உன்னை மாதிரியே சண்டைக்காரி, நேற்று ஒரு பையனின் பல்லை ஆட்டிவிட்டு வந்தாள். அம்மா திட்டினாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். வருகிற வாரம் திருவிடைமருதூர் பக்கம் ஒரு சபையில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேச்சாளன் இல்லை, மெஷின் ஓட்டுகிறவன். ஆனாலும் போவேன். பிறக்காத பிள்ளைக்காகப் பேசுகிறவர்கள் முதலில் தங்கள் சபையின் முன் பெஞ்சைப் பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்வேன். அடிபடுகிற தாயை வீட்டுக்குள் விடாதவன் அவள் பிள்ளைக்காகக் கொடி பிடிக்கக் கூடாது என்று சொல்வேன். உன் பேரைச் சொல்வேன். நீ தானாகப் போகவில்லை என்பதைச் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொண்டு அடுத்த ஊரிலும் போய்ச் சொல்வேன். அரிவாளைத் தொட மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவன்,
உன் மூன்று பெண்களுக்கும் தாய்மாமன்,
டேவிட்